ராத்தா வரும்வரை

கல்முனைக்குடி
2023 பெப்ரவரி 5

அன்புத் தங்கச்சி ஹிமாயாவுக்கு ராத்தா றாபியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மச்சானும் சுகம். மச்சானுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. மாவனல்லையில் குளிர் குறைந்துவிட்டதா? மஸூரும் பிள்ளைகளும் எப்படி? உன் மாமி மௌத்தாகி இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. அவர் படுத்த கட்டிலைக் கண்டு பிள்ளைகள் தேடுவார்கள். கவனித்துக்கொள்.

“இனிப் போன் எடுக்காதீங்க ராத்தா, சொல்றத எழுதி அனுப்புங்க” என்று வைத்தவள் நீதான். சரி, எழுதுகிறேன். ஆனால் நான் என்ன பிழை செய்தேன்? மாமியின் மையித்தை வீட்டுப் பெண்கள் மூவருமே குளிப்பாட்டப் போகிறோம் என்றாய். போனைப் பக்கத்தில் வை, ஒவ்வொன்றாக நான் சொல்லித் தருகிறேன் என்றேன். அதற்கு அப்படிப் பாய்வதா?

எனக்குப் பயம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் மஹல்லாவில் மௌத்தாகும் பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றுகிற குழு என் பொறுப்புக்கு வந்து இரண்டு வருடம். பள்ளிவாசல் செயலாளர் ஸிராஜ் தம்பி வீடு தேடி வந்து என்னிடம் ஒப்படைத்த நேரம் ஏழு பேர் இருந்தோம். இன்று நான்கு பேர். ஒருத்தி முழங்கால் வலி என்றாள். ஒருத்தி புருஷன் விடுகிறாரில்லை என்றாள். மற்றவள் காரணமே சொல்லவில்லை. கையுறைப் பெட்டியை மதில் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது பஸ்மிலா, றுக்ஸானா, நஜ்லா, நான்.

இருப்பவர்களிடமும் கவனம் இல்லை. போன வியாழன் றுக்ஸானா கபன் சட்டைக்குக் கழுத்து வெட்டினாள். இரண்டு விரல் கூடிப்போய்விட்டது. அதை ஒதுக்கிவிட்டு நானே வேறு புடவையில் வெட்டினேன். “மண்ணுக்குள்ள போறதுதானே ராத்தா” என்றாள். மண்ணுக்குள் போவதால்தான் புள்ள, இன்னொரு தரம் திருத்த முடியாது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு மிச்ச வேலை முழுவதையும் நானே செய்தேன். எப்போதும் கடைசியில் அப்படித்தான் முடிகிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தம். கோபம் ஆறினால் எழுது, ஆறாவிட்டாலும் எழுது.

உன் ராத்தா,
றாபியா

*

மாவனல்லை
2023 பெப்ரவரி 14

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு உங்கள் தங்கச்சியின் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் சுகம். மச்சானின் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். கசப்பு மருந்து என்றால் அவர் ஒளித்து வைத்துவிடுவார். சின்னவன் மாமியின் கட்டிலில்தான் படுக்கிறான். நாங்களும் தடுக்கவில்லை.

அன்றைக்கு நான் போனை வைத்த காரணத்தை எழுதுகிறேன். மாமியின் வளையல் கழலவில்லை. சவர்க்காரம் போட்டோம், எண்ணெய் போட்டோம், வரவே இல்லை. உயிரோடிருந்தபோதும் அதைக் கழற்ற அவர் விட்டதில்லை. மஸூரின் தங்கச்சி அழுதுகொண்டே, “இப்பவும் விடுறா இல்ல பாருங்களேன்” என்றாள். எங்கள் மூவருக்கும் அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. தண்ணீர் ஒரு தரம் கூடுதலாகச் சூடாகி, ஆறும்வரை காத்திருந்தோம். இதெல்லாம் உங்கள் காதில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதினான்கு வருடம் எனக்குச் சோறு போட்ட மனுஷியை என் கையால் அனுப்ப ஆசைப்பட்டேன். உங்கள் குரல் அந்த அறைக்குள் இருந்தால் என் கை என் கையாக இருந்திருக்காது, ராத்தா.

நம் உம்மாவுக்கு நீங்கள் செய்தது போல எல்லாருக்கும் செய்ய நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சுனாமி நேரம் நான் கால் முறிந்து அம்பாறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் வந்து சொன்னது ஒன்றும் மறக்கவில்லை. இலந்தை இலை போட்ட தண்ணீர், மூன்றாகப் பின்னிய முடி, நெற்றியில் அத்தர். அதைக் கேட்டுத்தான் அந்தக் கட்டிலில் எனக்குத் தூக்கம் வந்தது. ஆனால் எல்லாராலும் உங்களைப் போல முடியுமா? அந்த மூன்று பேர் ஏன் போனார்கள் என்று அவர்களிடம் கேட்டீர்களா?

மச்சானுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

ஹிமாயா

*

கல்முனைக்குடி
2023 மார்ச் 12

என் ஹிமாயாவுக்கு ஸலாம். சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

பதில் பிந்திவிட்டது. நோன்பு வருகிறது, வீடு கழுவினோம். மச்சானுக்கு இருமல் பாதி குறைந்திருக்கிறது. கொத்தமல்லியையும் ஒளித்துத்தான் வைத்தார்.

நீ எழுதியதில் ஒரு விஷயத்துக்கு இப்போது பதில் எழுத எனக்கு மனமில்லை. விடு.

போனவர்களிடம் ஏன் கேட்க வேண்டும்? வேலையைச் சரியாகச் செய்யச் சொன்னால் ஆட்களுக்குக் கசக்கும். நான் இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். செய்ய வேண்டியவற்றை முப்பத்தொரு விஷயமாக எழுதி மூவருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். வாளி எங்கே இருக்க வேண்டும், துணி எந்தக் கையில் பிடிப்பது, முடிச்சு எத்தனை, எல்லாம் அதில் இருக்கிறது. இனி நான் வராமல் ஒரு மையித்திலும் யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். நஜ்லா அதை வாசித்துவிட்டு அழுதாள். பஸ்மிலா நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள், விரித்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு எட்டு வயது மூத்தவள் என்பதால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து மஹல்லாக்காரர்கள் எங்கள் வேலையைப் புகழ்ந்ததாக ஸிராஜ் தம்பி சொன்னார். அது அவர்கள் மூவர் காதிலும் விழுந்தது. ஒருத்தி முகத்திலாவது சந்தோஷம் இருக்க வேண்டுமே! வேலையெல்லாம் என் தலையில்தான் என்று விட்டுவிட்டார்கள் போல. களைத்துப் போகிறேன் ஹிமாயா. இடுப்பு வலிக்கிறது. ஆனால் வேறு யாரிடம் விடுவது?

நோன்புக் காலத்தில் எனக்காகவும் துஆக் கேள்.

றாபியா ராத்தா

*

கல்முனைக்குடி
2023 மே 9

தங்கச்சி ஹிமாயாவுக்கு, அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும்.

என் மார்ச் மாதக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பெருநாளைக்கு வாழ்த்து மட்டும் வந்தது. எல்லாரும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் உடம்புக்குச் சுகம்தான்.

சனிக்கிழமை பொத்துவிலில் மச்சானின் சகோதரி மகளுக்குக் கலியாணம். முதல் நாளே போயிருந்தோம். காலை ஒன்பது மணிக்கு றுக்ஸானா போன் எடுத்தாள். கடற்கரைத் தெருவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் உம்மா மௌத்து, பகல் லுஹர் தொழுகையோடு அடக்கப் போகிறார்கள், என்ன செய்வது என்றாள். “நான் வாற மட்டும் ஒருத்தரும் தொடப்படா” என்றேன். சொல்லிவிட்டுக் கலியாண வீட்டுச் சாப்பாட்டையும் விட்டுப் பஸ் ஏறினேன்.

கோமாரியில் பஸ் நின்றுவிட்டது. டயர் வெடித்து, மாற்று டயரும் சரியில்லை. வெயிலில் தெருவில் நின்று கை காட்டினேன். வந்த பஸ்களில் கால் வைக்க இடமில்லை. றுக்ஸானா நான்கு தரம் போன் எடுத்தாள். நான்கு தரமும் அதையேதான் சொன்னேன். பாதி வரை ஒரு வேனில் வந்து, பிறகு ஓட்டோ பிடித்து, வீட்டு வாசலுக்கு நான் போய்ச் சேரும்போது பின்னேரம் அஸர் பாங்கும் சொல்லியாகிவிட்டது.

என் ஆட்கள் மூவரும் சுவரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் மூன்று தரம் சுடவைத்து மூன்று தரமும் ஆறியிருந்தது. மே மாத வெயில் உனக்குத் தெரியும். மையித்தைச் சுற்றி ஐஸ் வைத்திருந்தார்கள். மூத்த மகன் வாசலில் நின்றார், ஐம்பது வயது இருக்கும். சத்தம் போடவில்லை. “எங்கட உம்மா காலையில இருந்து கிடக்கா. நீங்க வந்து மார்க்குப் போடத்தான் கிடக்காவா?” என்றார்.

உள்ளே போய் எல்லாவற்றையும் நானே செய்தேன். மூவரும் கேட்டதை மட்டும் எடுத்துத் தந்தார்கள். ஒரு பிழையும் இல்லை, ஹிமாயா. ஆனால் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதான் அடக்கினார்கள். தூரத்தில் இருந்து வந்த ஆட்கள் பாதிப் பேர் அதற்குள் திரும்பிவிட்டார்கள்.

நேற்று ஸிராஜ் தம்பி வந்தார். நிர்வாகக் கூட்டத்தில் முறைப்பாடு வந்திருக்கிறதாம். எனக்கு மூவர் மேலும்தான் ஆத்திரம். இரண்டு வருடம் பழகிய கைகள்! நான் சொன்னால் என்ன, அவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்டால் தொடங்க வேண்டியதுதானே?

பதில் எழுது. இந்த முறை மௌனமாக இருக்காதே.

றாபியா

*

மாவனல்லை
2023 மே 16

ராத்தாவுக்கு ஸலாமுடன் எழுதிக்கொள்வது.

நாங்கள் சுகம். மழை பெய்கிறது. நீங்கள் சுகமா என்று கேட்கவில்லை, கடிதத்திலேயே தெரிகிறது.

மார்ச் மாதம் நான் பதில் போடாததற்குக் காரணம், அந்த முப்பத்தொரு விஷயத்தைப் பற்றி வாசித்து எனக்கே மூச்சு முட்டியதுதான். சின்ன வயதில் என் கொப்பியைப் பிடுங்கி, நான் எழுதிய பக்கத்தைக் கிழித்து, உங்கள் அழகான எழுத்தில் எழுதித் தருவீர்கள். டீச்சர் “வெரி குட்” போடுவார். அந்தக் கொப்பியை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

தொடாதே என்று நான்கு தரம் சொன்னவர் நீங்கள். பிறகு ஏன் தொடவில்லை என்று கேட்கிறவரும் நீங்கள்தான். எனக்குக் கோபம் வருகிறது ராத்தா.

பஸ்மிலா ராத்தாவிடம் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி

*

கல்முனைக்குடி
2023 மே 28

ஹிமாயா, ஸலாம்.

இந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் இல்லாத நேரம் வாசி. சுகம் விசாரிக்க முடியாத மனநிலையில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

பஸ்மிலாவிடம் போனேன். இறால் உரித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. ஏன் தொடங்கவில்லை என்று கேட்டேன். “நாங்க கபன் கட்டி வெச்சா நீ வந்து அவிழ்ப்பாய். ஒரு மையித்த ரெண்டு தரம் அலைக்கழிக்க ஏலாது, றாபியா. அதான் இருந்த” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, நீ சொன்ன மாதிரி. அதனால் அவள் மேலும் சொன்னாள். ஜனவரியில் ஒரு மையித்துக்குக் கடைசித் தண்ணீரில் கற்பூரம் போட நஜ்லா மறந்துவிட்டாளாம். கபனிட்ட பிறகுதான் தெரிந்ததாம். மூவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. “சொன்னா நீ அவள இனிக் கூப்புட மாட்டாய். அவள் மூணு நாள் சாப்பிடல்ல. நாங்கதான் தேத்தின” என்றாள்.

கற்பூரம் சுன்னத்துத்தான், கட்டாயக் கடமையில்லை; அது இல்லாவிட்டாலும் குளிப்புக் கூடும். எனக்கு அது தெரியும். ஆனால் என் முன்னால் மூன்று பேர் நான்கு மாதம் ஒரு பிழையை மறைத்து நடமாடியிருக்கிறார்கள். நான் பிழையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு யோசித்தேன். மறைக்கிறவர்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை. உன்னிடம் நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

உம்மாவை நான் குளிப்பாட்டவில்லை, ஹிமாயா.

மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள். ட்ராக்டர் பெட்டியில் இருந்து இறக்கும்போது பச்சைச் சட்டையைக் கண்டு நான்தான் அடையாளம் சொன்னேன். பெரிய குழி வெட்டியிருந்தார்கள். உம்மாவின் நெற்றி முழுக்க மண். ஒரு வாளித் தண்ணீர் தாருங்கள் என்று ஆள் ஆளாகக் கேட்டேன். கிணறெல்லாம் உப்பும் சேறும். ஒரு மௌலவி அழுதுகொண்டே, “தண்ணியும் இல்ல தங்கச்சி, நேரமும் இல்ல. அல்லாஹ் ஏத்துக்குவான்” என்றார். என் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஒரு பாயில் சுற்றி மற்றவர்களோடு வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நீ என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது “உம்மாவக் குளிப்பாட்டினீங்களா?” என்றுதான். உனக்குப் பதினாறு வயது. ஓம் என்றேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். இலந்தை இலை, பின்னல், அத்தர், எல்லாம் நான் கட்டிய கதை.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

றாபியா

*

கல்முனைக்குடி
2023 ஜூலை 5

அன்புள்ள ஹிமாயாவுக்கு, உன் வீட்டார் அனைவருக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் ஸலாம்.

நான் எழுதி ஐந்து கிழமையாகிறது. கடிதம் கிடைத்ததா என்று தபால்காரரிடம் விசாரித்தேன்; போகாமல் இருக்காது என்கிறார். மஸூர் போனில் மச்சானோடு கதைத்ததாகவும் நீ சுகமாக இருப்பதாகவும் அறிந்தேன். அது போதும்.

பொறுப்பை விடுகிறேன் என்று பள்ளிக்குக் கடிதம் கொடுத்தேன். ஸிராஜ் தம்பி அதைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். “விடுறண்டா ஒராளப் பழக்கிட்டு விடுங்க ராத்தா. ரெண்டு வருஷமா ஒருத்தரையும் தனியச் செய்ய விடல்ல. இப்ப நீங்க போனா இந்த மஹல்லாவில பொம்புள மையித்துக்கு ஆள் இல்ல” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணீரும் குடிக்கவில்லை.

உன் பதிலைத் தேடுகிறேன்.

ராத்தா

*

மாவனல்லை
2023 ஓகஸ்ட் 11

ராத்தாவுக்கு, ஹிமாயாவின் ஸலாம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து இவ்வளவு நாள் போய்விட்டது. மூன்று கடிதம் கிழித்தேன்.

பத்தொன்பது வருடம்! என் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். என் மகள் தன் முடியை மூன்றாகப் பின்னச் சொல்லிக் கேட்பாள், உம்மம்மாவுக்குப் பின்னியது போல. அவளிடம் இப்போது என்ன சொல்வது? பொய் சொன்னதைவிட, அவ்வளவு விபரமாகச் சொன்னீர்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு ஓம் போதாதா?

ஜூன் முழுவதும் இந்தக் கோபத்தோடுதான் சமைத்தேன், துவைத்தேன். ஒரு நாள் மாமியின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது எனக்கு ஒன்று விளங்கியது. நீங்கள் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னதுதான் ஒரு பிழையும் இல்லாமல் நடந்த ஒரே குளிப்பாட்டல். அது நடக்காததால்தான் அதில் பிழை இல்லை. அதை வைத்துக்கொண்டு றுக்ஸானாவையும் நஜ்லாவையும் அளக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் எப்படி எட்டுவார்கள்? நீங்களே எட்டவில்லையே.

உம்மாவின் முகத்தைத் துடைத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இத்தனை வருடம் எனக்கு ஏன் அதைச் சொல்லவில்லை? அது எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஹிமாயா

*

கல்முனைக்குடி
2023 செப்டெம்பர் 17

என் தங்கச்சிக்கு ஸலாமும் துஆவும்.

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் இதுவரை தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் சுகம். உன் மகளுக்கு நானே சொல்கிறேன், அந்தக் கடன் என்னுடையது.

போன கிழமை ஒரு மௌத்து. இந்த முறை பஸ்மிலா முன்னின்று செய்யட்டும், நான் திரைக்கு வெளியே இருக்கிறேன் என்று சொன்னேன். நஜ்லா என்னை நம்பாமல் பார்த்தாள். வெளியே கதிரையில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வேகமாக ஊற்றுகிறார்கள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு வாளி இடறும் சத்தம். எழுந்துவிட்டேன். திரையை விலக்கிப் போய் பஸ்மிலாவின் கையில் இருந்து கோப்பையைப் பிடுங்கினேன். ஆம், பிடுங்கினேன். உள்ளே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பஸ்மிலா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் உம்மாவின் கதையைச் சொன்னேன். உனக்கு எழுதியதை அப்படியே. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் அதுதான் வந்தது.

பஸ்மிலா எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பிறகு, “உனக்குத் துடைக்க முகம் கிடைச்சிது, றாபியா. என்ட மகளக் காணவே இல்ல. ஏழு வயசு” என்றாள். பத்து வருடமாக அவளைத் தெரியும், இது எனக்குத் தெரியாது. நான் எப்போது கேட்டேன்? “அதுக்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்த. எந்த மையித்தத் தொட்டாலும், ஒராளாவது கைக்குக் கிடைச்சிட்டே எண்டு அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்யிற. நீ அதுல பிழை தேடுறாய்.”

நான் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள், சீனி போட மறந்துவிட்டாள். அப்படியே குடித்தேன்.

திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் என்னால் முடியுமா என்று எனக்கே சந்தேகம். வயது நாற்பத்துநான்கு. இந்தக் கை இப்படியே பழகிவிட்டது.

உன் பிழையுள்ள ராத்தா,
றாபியா

*

மாவனல்லை
2023 ஒக்டோபர் 6

ராத்தா, ஸலாம். எல்லாரும் நலம்.

சுருக்கமாக எழுதுகிறேன், என் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைத்தாள்கள் திருத்தக் கிடக்கின்றன. டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறோம். உம்மாவை வைத்த இடத்துக்கு என்னைக் கூட்டிப் போங்கள். இத்தனை வருடம் அங்கே வரும்போதெல்லாம் நீங்கள் வேறொரு கப்ரைக் காட்டியது இப்போதுதான் விளங்குகிறது. அதற்குத் தனியாகச் சண்டை பிடிப்பேன்.

கோப்பையைப் பிடுங்கியதை நீங்களாகவே எனக்கு எழுதியிருக்கிறீர்கள். முன்பென்றால் வாளி இடறியதை மட்டும்தான் எழுதியிருப்பீர்கள்.

பஸ்மிலா ராத்தாவுக்கு என் ஸலாம் கட்டாயம்.

ஹிமாயா

*

கல்முனைக்குடி
2023 நவம்பர் 8

அன்புத் தங்கச்சிக்கு ராத்தாவின் ஸலாம்.

மழை தொடங்கிவிட்டது. மச்சானுக்குத் திரும்பவும் இருமல். மற்றப்படி சுகம். நீங்கள் வருவதற்கு முன் அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மஸூருக்குப் பிடித்த நெய்மீன் வாங்கி வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்தைப் பக்கம் ஒரு மௌத்து என்று ஸிராஜ் தம்பி அழைத்தார். நான் அபாயா போடுவதற்குள் திரும்பவும் அழைத்தார், கடற்கரைத் தெருவில் இன்னொன்று. இரண்டு வீட்டிலும் லுஹருக்கு அடக்கம். மே மாதம் நான் காக்க வைத்த அதே தெரு. அந்த வீட்டாரின் சொந்தம்தான்.

நால்வரும் என் வாசலில் நின்றோம். நான் எங்கே போவது? இரண்டுக்கும் நானே போகும் வழியைத்தான் முதலில் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஒன்றை முடித்துவிட்டு ஓடினால் நேரம் வருமா என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். பஸ்மிலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “கடற்கரைத் தெருவுக்கு நீயும் றுக்ஸானாவும் போங்க. றுக்ஸானா முன்னுக்கு நிக்கட்டும்” என்றேன். றுக்ஸானா, “நானா?” என்றாள். ஓட்டோ புறப்படும்போது சொல்ல எனக்கு நூறு விஷயம் இருந்தது. “பிஸ்மில்லாச் சொல்லித் தொடங்குங்க” என்று மட்டும் சொன்னேன்.

நானும் நஜ்லாவும் சந்தைப் பக்கம் செய்தோம். என் கை இங்கே, காது அங்கே. இடையில் பஞ்சை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடினேன். நஜ்லா எடுத்துத் தந்து, “உங்கட மடியிலதான் ராத்தா கிடக்கு” என்றாள். சிரிப்பை அடக்கினாள். அடக்காமல் சிரித்திருக்கலாம்.

இரண்டு ஜனாஸாவும் லுஹருக்கே போயின. பகல் முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்மிலாவுக்கு எடுப்போமா, வேண்டாமா என்று நடந்தேன். எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததில் தலையிடி வந்துவிட்டது.

அஸருக்குப் பிறகு றுக்ஸானா தனியே வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். உள்ளே வா என்று நான் சொல்வதற்குள், “ராத்தா, ஒரு பிழை செஞ்சிட்டன்” என்றாள்.

“என்ன?”

“அறை ஒடுக்கம். பலகையச் சுவரோட வெச்சிருந்திச்சு. நான் நிண்ட கைப்பக்கமாத் தொடங்கிட்டன். வலப்பக்கத்துக்கு முந்தி இடப்பக்கத்தக் கழுவிட்டன்.”

ஹிமாயா, வலப்பக்கம் முந்தி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏச வாயைத் திறந்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள், ஆனாலும் ஒதுங்காமல் நின்றாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“பொறகு என்ன செஞ்ச?”

“பாதியில விளங்கிச்சு. பஸ்மிலா ராத்தாக்கிட்டச் சொன்னன். பலகையத் திருப்பி வெச்சி, வலப்பக்கத்தில இருந்து திரும்பத் தொடங்கின. எண்ணிக்கை ஒற்றையா வரட்டும் எண்டு அஞ்சு தரமா முடிச்ச. கபன் சரியா வந்திச்சு. மகள்மார் வந்து முகம் பாத்தாங்க.”

“வீட்டாக்கள் கண்டாங்களா?”

“ஒருத்தரும் காணல்ல. நான் சொல்லாட்டி உங்களுக்கும் தெரிய வராது.”

அவளை உள்ளே கூப்பிட்டுத் துவாய் கொடுத்தேன். சோறு போட்டேன். அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, திரும்பத் தொடங்கியது சரி, அஞ்சாக்கியதும் சரி, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று சொன்னேன். சோற்றில் கை வைத்தபடியே அழுதாள். பிறகு மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, தன் பழைய பிழைகள் இன்னும் இரண்டைச் சொன்னாள். அவற்றை உனக்கு எழுதமாட்டேன், அவை எங்கள் நால்வருக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் கேட்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன், ஆனால் கேட்டேன்.

அவள் போன பிறகு ஸிராஜ் தம்பிக்குப் போன் எடுத்தேன். இனி மௌத்துச் செய்தி வந்தால் முதலில் றுக்ஸானாவுக்குச் சொல்லுங்கள், எனக்குப் பிறகு சொன்னால் போதும் என்றேன். “மெய்தானா ராத்தா?” என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்று இரண்டு தரமும் சொன்னேன். இரண்டாவது தரம் குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

இடப்பக்கமாம், ஹிமாயா! இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. ஆனால் வந்து சொன்னாள்.

வஸ்ஸலாம்.

உன் ராத்தா,
றாபியா